இந்தக் கட்டியை வளர்த்தது யார்?

(வத்தலக்குண்டில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



இன்று கூலியைப் பற்றியோ போனஸைப் பற்றியோ பேச நாங்கள் வரவில்லை. உடம்பில் முளைக்கும் கட்டிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதற்கு ஒரு கூட்டமா?" என்று பின்வரிசையில் ஒரு தோழர் கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. அவர் கேட்டதில் தப்பில்லை. பேச்சு முடிந்த பிறகு அவரே தீர்ப்புச் சொல்லட்டும்.

நாங்கள் மூன்று பேர் வந்திருக்கிறோம். மூவரும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பல வருஷம் கத்தி பிடித்தவர்கள். மூவரும் சேர்ந்து எழுதியதை ஒருவர் பேசுகிறோம். ஆகவே "நாங்கள்" என்றுதான் சொல்லுவோம்.

சிரங்கும் சீழ்க்கட்டியும் இன்றைய விஷயம் அல்ல. அவை வலிக்கும், பழுக்கும், உடையும். அவற்றுக்கு நீங்களே ஓடி வந்துவிடுவீர்கள். தோலுக்குக் கீழே, எலும்புக்கு மேலே, கொழுப்பிலும் தசையிலும் நரம்பு உறையிலும் சத்தமில்லாமல் வளரும் கட்டிகள் இருக்கின்றன. நம் பெரியவர்கள் கழலை என்பார்கள். அவற்றைப் பற்றித்தான் பேச்சு.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கும் ஒரு அம்மாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஊரும் பேரும் சொல்ல மாட்டோம். வலது தொடையின் உட்புறம், முதலில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியில்லை. "அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு வேலையப் பாத்தேன்" என்று எங்களிடம் சொன்னார். இரண்டாம் வருஷம் அது எலுமிச்சம்பழம். யாரோ சொன்னார்கள் என்று எருக்கம்பால் வைத்தார். இன்னொருவர் சொன்னார் என்று சூடு போட்டார். தோல் வெந்ததுதான் மிச்சம். நாலாம் வருஷம் மாதுளை அளவாயிற்று. விடியுமுன் குந்தி உட்கார்ந்து பூப்பறிக்க முடியவில்லை. அதாவது, கூலி போகிறது என்ற பிறகுதான் வைத்தியத்துக்குக் கிளம்பினார். உடம்பு சொன்னதை வயிறு அனுமதித்த பிறகுதான் கேட்க முடிந்தது.

தோட்டக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். எந்த ஊர், எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். அரை மணி நேரத்தில் தொடையின் குறுக்கே கீறி, கட்டியைத் தோண்டி எடுத்தார்கள். எடுத்ததை வாளியில் போட்டார்கள். "வெறும் கொழுப்புக் கட்டிம்மா, போய்ட்டு வா" என்றார்கள். எட்டு மாதத்தில் அதே தழும்புக்கு அடியில் கட்டி மறுபடி கிளம்பியது. இந்தத் தடவை வேகமாக. எங்களிடம் வந்தபோது உரித்த தேங்காய் அளவு.

தோழர்களே, அந்தத் தேங்காயை வளர்த்தது யார்?

முதல் விதையைப் போட்டவர் யாரும் இல்லை. இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை ஏன் முளைக்கின்றன என்று வைத்திய சாஸ்திரத்துக்கு இன்னும் காரணம் தெரியாது. சிலருக்குக் குடும்ப வழியில் வருகிறது. முன்பு கதிர் வைத்தியம் செய்த இடத்தில் அபூர்வமாகச் சிலருக்கு வருகிறது. சாபமும் இல்லை, செய்வினையும் இல்லை, கத்தரிக்காய் தின்றதாலும் இல்லை. ஆனால் புளியங்கொட்டை தேங்காய் ஆனதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு நாள் கூலி ஒரு காரணம். மதுரைக்குப் போகவர நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் பயணம் ஒரு காரணம். தோண்டியதைப் பரிசோதனைக்கு அனுப்பாத அந்த வாளி ஒரு காரணம். வெட்கமும் ஒரு காரணம். அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு மில் தொழிலாளி, ஸ்பின்னிங்கில் இருப்பவர், முதுகில் தோள்பட்டைக்குக் கீழே பெரிய கட்டியைப் பன்னிரண்டு வருஷம் துண்டு போட்டு மறைத்தார். கல்யாண வீட்டில்கூடச் சட்டைக்கு மேல் துண்டு. குளத்தில் எல்லாரும் எழுந்து போன பிறகு குளிப்பார். "பையனுக்குப் பொண்ணு கொடுக்க மாட்டாங்கய்யா" என்றார். அது முழுக்க முழுக்கக் கொழுப்புக் கட்டி. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது, ஆளைக் கொல்லாது. ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தோம். இரண்டரைக் கிலோ இருந்தது. "ரேஷன் கடைத் தராசில் போட்டிருந்தால் இன்னும் குறைத்துக் காட்டியிருப்பான்" என்று அவரே சிரித்தார். பன்னிரண்டு வருஷத் துண்டு அன்றோடு போயிற்று.

இந்த வத்தலக்குண்டு மண்ணில் 1884ல் பிறந்தவர் சுப்பிரமணிய சிவா. வெள்ளைக்காரன் சிறையில் அவருக்குத் தொழுநோய் கண்டது. நோயைச் சாக்கு வைத்து ரயிலில் ஏறக்கூடாது என்று சர்க்கார் தடுத்தது. அவர் நோயை மறைக்கவில்லை. கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய் மேடை ஏறினார். 1925ல் பாப்பாரப்பட்டியில் மறையும் வரை அப்படித்தான். அந்த ஊர்க்காரர்கள் நீங்கள். ஒரு கொழுப்புக் கட்டிக்கு ஏன் துண்டு?

சரி, எந்தக் கட்டிக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

கணக்கு இப்படி: நூறு கட்டி வந்தால் தொண்ணூற்றொன்பதும் சாதுவானவை. கொழுப்புக் கட்டிதான் எல்லாவற்றிலும் அதிகம். புற்றுநோய் வகை மிக அபூர்வம். அதற்கு சார்கோமா என்று பெயர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று அளவுதான். ஆனால் அந்த ஒன்று நெஞ்சுக்குப் போய் நுரையீரலில் வித்துப் போட்டால் ஆள் தங்குவது கடினம். ஆகவே அந்த ஒன்றைத் தொண்ணூற்றொன்பதிலிருந்து பொறுக்கி எடுக்கத் தெரிய வேண்டும்.

அடையாளம் நீங்களே பார்க்கலாம். கட்டி எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதா, அதாவது ஐந்து சென்டிமீட்டருக்கு மேலா? வளர்ந்துகொண்டே போகிறதா? ஆழத்தில், தசைக்கு அடியில் இருக்கிறதா? தசையை இறுக்கினால் அசையாமல் பிடித்துக்கொள்ளும் கட்டி ஆழமானது. ஒரு தடவை எடுத்த இடத்திலேயே மறுபடி வந்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே டாக்டரிடம் காட்ட வேண்டும். வலியை இந்தப் பட்டியலில் முன்னே வைக்காததைக் கவனியுங்கள். வலி வந்தால் அதுவும் அடையாளம்தான். ஆனால் வலி இல்லை என்பது நல்லதற்கு அடையாளம் அல்ல. "வலிக்கவா செய்யுது?" என்ற கேள்விதான் நம் கிராமங்களில் மிக அதிகமான தேங்காய்களை வளர்த்திருக்கிறது.

எண்ணெய் போட்டு உருவாதீர்கள். சூடு போடாதீர்கள். நூல் கட்டி இறுக்காதீர்கள்.

இப்போது எடுக்கும் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுகிறோம். உங்களுக்குப் புரியாத விஷயம் இதில் ஒன்றுமில்லை.

பனங்காயைச் சீவி நுங்கு எடுத்திருக்கிறீர்கள். விரலை விட்டால் வழுக்கிக்கொண்டு முழுசாக வரும்; ஓட்டில் ஒன்றும் மிச்சமிருக்காது. கொழுப்புக் கட்டி அப்படிப்பட்டது. மெல்லிய உறைக்குள் இருக்கும். தோலைக் கீறி, விரலால் சுற்றிலும் பிரித்தால் வந்துவிடும். எத்தனை பெரிதானாலும் வேலை முறை அதுதான்.

சார்கோமா கோரைக் களை. வயலில் கோரையை மேலே பிடுங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. பத்தாம் நாள் பச்சை தலை நீட்டுகிறது. இந்தக் கட்டியைச் சுற்றியும் ஒரு உறை மாதிரித் தெரியும். அது உறை அல்ல. கட்டி வளர்ந்து நெருக்கியதில் பக்கத்துத் தசை நசுங்கி உண்டான போலி உறை. அதற்கு வெளியிலும் நோயின் கண்ணுக்குத் தெரியாத வேர்கள் இருக்கும். நுங்கு எடுப்பது போல இதைத் தோண்டினால் கிழங்கை விட்டுவிட்டுக் கோரையைப் பறித்த கதை. கட்டியைத் தொடாமலே, அதைச் சுற்றி நல்ல தசையும் ஒரு பட்டை சேர்த்து, மண்ணோடு பெயர்ப்பது போலப் பெயர்த்து எடுக்க வேண்டும். பூப்பறிக்கும் அம்மாளுக்குக் கோரையை நுங்கு என்று நினைத்து எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

எது நுங்கு, எது கோரை என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளியிலிருந்து எந்த மகா டாக்டராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒரு பருத்த ஊசியால் கட்டியிலிருந்து தீக்குச்சி அளவு சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இடத்தை மரக்கச் செய்துவிட்டு எடுப்பார்கள். சில நிமிஷ வேலை. "ஊசி பட்டால் கட்டி பரவும்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. முறையாக எடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். ஊசி போன பாதையையும் பின்னால் ஆப்பரேஷனில் கட்டியோடு சேர்த்து எடுத்துவிடுவார்கள். அதனால்தான் எந்த இடத்தில் குத்துவது என்பதைக் கடைசியில் ஆப்பரேஷன் செய்யப்போகிறவர் தீர்மானிப்பது நல்லது. கத்தியால் கீறிச் சதை எடுக்க நேர்ந்தால், கையிலும் காலிலும் நீளவாக்கில்தான் கீற வேண்டும். குறுக்கே கீறினால், அந்தக் குறுக்குத் தழும்பு முழுவதையும் பிறகு எடுத்தாக வேண்டும். நேராகத் தைத்து மூடியிருக்க வேண்டிய காயத்துக்கு வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டி வரும். ஆழமான பெரிய கட்டிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் வேண்டும், நெஞ்சைப் படம் பிடித்து நுரையீரலையும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் ஆப்பரேஷனுக்கு முன்னால். பின்னால் அல்ல.

இந்தச் சதைத் துண்டைப் பற்றி இன்னொரு வார்த்தை. எடுத்த கட்டி எதுவானாலும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு, சீட்டு ஒட்டி, பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு வாய் அகன்ற பாட்டில் போதும். கட்டியின் அளவுக்குப் பத்து மடங்கு திரவம் இருந்தால் நல்லது. இதற்குப் பெரிய பட்டணமும் வேண்டாம், கோடி ரூபாய் மெஷினும் வேண்டாம். "எடுத்ததை எங்கே அனுப்பினீர்கள்? முடிவு எப்போது வரும்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. உங்கள் உடம்பில் இருந்த சதை அது.

மாவட்டத்தின் மூலையில் இருக்கும் சிறிய ஆஸ்பத்திரியில் பெரிய கட்டியை எடுக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும். எதை, எப்படி என்பதுதான் கேள்வி.

1835ல் சீனாவின் காண்டன் நகரத்தில் பீட்டர் பார்க்கர் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு ஆஸ்பத்திரி திறந்தார். முகத்திலும் கழுத்திலும் கையிலும் பூசணி போலக் கட்டி தொங்கும் ஏழைகள் வந்து குவிந்தார்கள். லாம் குவா என்ற சீன ஓவியர் அவர்களை வரைந்து வைத்தார். அந்தப் படங்களில் பல இன்றும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஈதர் கொடுத்து வலி தெரியாமல் ஆப்பரேஷன் செய்யலாம் என்று பாஸ்டன் நகரத்தில் பகிரங்கமாகக் காட்டியதே 1846ல்தான். அதற்கு முன்பு அந்த மக்கள் விழித்த கண்ணோடு கத்திக்கு உட்கார்ந்தார்கள். படங்களில் அவர்கள் முகத்தைப் பார்த்தால் அழுகை இல்லை. நம் ஊர் உழைப்பாளி முகம் மாதிரி இருக்கிறது.

அடுத்த வருஷம், 1847ல், சாமுவேல் கிறீன் என்ற இன்னொரு அமெரிக்க டாக்டர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்றுக்கொடுத்தார். ரண சிகிச்சை நூல் ஒன்று 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867ல் தமிழில் வந்துவிட்டது. இன்று ஆஸ்பத்திரியில் உங்கள் கையில் கொடுக்கும் சீட்டு எந்த பாஷையில் இருக்கிறது? ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு ஒரு வெள்ளைக்காரரால் தமிழில் சொல்ல முடிந்ததை, இன்று நம் பிள்ளைகளாகிய டாக்டர்கள் நோயாளிக்குத் தமிழில் எழுதித் தர முடியாதா? எங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

நம் ஜில்லா எல்லைக்குள்ளேயே பாருங்கள். ஒட்டன்சத்திரத்தில் டாக்டர் தாரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் 1955ல் கிறிஸ்தவ ஐக்கிய ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்கள். காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையார் ஆரம்பித்த கஸ்தூர்பா ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே வேலை பார்த்த டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் தர்மபுரிப் பக்கம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கி என்ற ஆதிவாசிப் பள்ளத்தாக்குக்குப் போய், 1993 வாக்கில் ஓலைக் குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். இவர்கள் யாரும் நம் கொடி பிடித்தவர்கள் அல்ல. ஆனாலும் நல்ல வேலையைச் சொல்வதில் நமக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். பளிங்குத் தரை இல்லாமலும் சுத்தமாக ஆப்பரேஷன் செய்யலாம் என்று காட்டியவர்கள் இவர்களைப் போன்றவர்கள்.

ஆயுதங்களை வேகவைக்க, ஒரு சதுர அங்குலத்துக்குப் பதினைந்து பவுண்டு அழுத்தத்தில் இருபது நிமிஷம் நீராவி வேண்டும். கிருமிக்கு அந்த நீராவி எந்தக் கட்டிடத்தில் வருகிறது என்று தெரியாது. தொடையிலும் காலிலும் உள்ள கட்டிக்கு முதுகுத் தண்டில் ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தால் போதும். கட்டி எடுத்த பிறகு உள்ளே பெரிய பள்ளம் விழும். அதில் நீர் கட்டும். அதை உறிஞ்ச விலைக்கு வரும் டிரெயின் பாட்டில் இல்லாத இடத்தில், கைக்குழந்தைக்குப் பால் செலுத்தும் மெல்லிய குழாயையும் பெரிய சிரிஞ்சையும் வைத்து உறிஞ்சியிருக்கிறோம். நன்றாகவே வேலை செய்யும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஏழைகளுக்கு இது போதும்" என்று ஒரு அதிகாரி சொல்லக்கூடும். போதாது! இல்லாத இடத்தில் சமாளிப்பது டாக்டரின் சாமர்த்தியம். இல்லாமலே வைத்திருப்பது சர்க்காரின் குற்றம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. கொழுப்புக் கட்டியை, மேலாக உள்ள நரம்பு உறைக் கட்டியைத் தாலுகா ஆஸ்பத்திரியில் எடுக்கட்டும். எடுக்கத்தான் வேண்டும், அதற்காக மதுரைக்கு விரட்டக்கூடாது. ஆழமான, வளர்கிற, எலுமிச்சையைத் தாண்டிய கட்டியை அங்கே கத்தி தொடக்கூடாது. ரத்தப் பரிசோதனையும் நெஞ்சுப் படமும் எடுத்து, கட்டியின் அளவைக் குறித்து, கடிதம் எழுதி, எந்த நாளில் எந்த டாக்டரைப் பார்ப்பது என்றும் சொல்லி அனுப்ப வேண்டும். "மதுரைக்குப் போ" என்று வெறும் வாயால் சொல்வது அனுப்புவது ஆகாது.

அடுத்தது ரத்தம். பெரிய கட்டிக்கு ரத்தக் குழாய்களும் பெரிதாக இருக்கும். கைவசம் ரத்தம் இல்லாமல் கத்தி வைத்தால் மேஜையிலேயே ஆள் போகலாம். டாக்டர் நார்மன் பெத்யூனை நம் தோழர்களுக்குத் தெரியும். 1936ல் ஸ்பெயினில் பாசிஸ்டுகளுக்கு எதிராக நடந்த போரில், ரத்தத்தைப் பாட்டிலில் வைத்து வண்டியில் ஏற்றிப் போர்முனைக்கே கொண்டு போனவர் அவர். காயம்பட்டவனை ரத்தத்திடம் கொண்டுவராதே, ரத்தத்தைக் காயம்பட்டவனிடம் கொண்டு போ என்பதுதான் அவர் கண்ட வழி. பிறகு சீனாவில் கோவேறு கழுதை மீது ஆப்பரேஷன் சாமான்களை ஏற்றிக்கொண்டு மலை மலையாகப் போனார். கையுறை இல்லாமல் ஆப்பரேஷன் செய்தபோது விரலில் பட்ட வெட்டு விஷமேறி 1939 நவம்பரில் இறந்தார். நம் சோலாப்பூர் டாக்டர் கோட்னிஸ் அதே சீனத்து மண்ணில் வேலை செய்து 1942ல் உயிர் விட்டார்.

நம் நாட்டிலும் கிராமத்து டாக்டர்கள் முன்பு சொந்தக்காரர் கையிலிருந்து ரத்தம் எடுத்து, சேருகிறதா என்று பார்த்து, உடனே நோயாளிக்கு ஏற்றுவார்கள். காசுக்கு ரத்தம் விற்கும் வியாபாரமும் எய்ட்ஸ், மஞ்சள் காமாலைப் பயமும் பெருகியதால், 1996ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்த வங்கிகளை ஒழுங்குபடுத்தச் சொன்னது; 1998 முதல் விலைக்கு ரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டது. லைசென்ஸ் பெற்ற வங்கியின் ரத்தம்தான் ஏற்றலாம் என்றாயிற்று. சட்டத்தின் நோக்கம் நியாயமே. வறுமையினால் ரத்தம் விற்றவன் நம் ஆள்தான். அவனையும் அது காப்பாற்றியது. ஆனால் வங்கி பட்டணத்தில், கத்தி கிராமத்தில் என்றால் இடையில் ஆள் சாகிறான். அதற்குப் பரிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது: தாலுகா ஆஸ்பத்திரியில் ரத்தச் சேமிப்பு நிலையம். சரியான குளிரில் ஓடும் ஒரு குளிர்ப்பெட்டி, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர், பயிற்சி பெற்ற ஒரு ஆள், தாய் வங்கியோடு ஒப்பந்தம். இவ்வளவுதான். கேட்டு வாங்க வேண்டிய பொருள் இது.

"காலை எடுத்துவிடுவார்கள்" என்ற பயத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பூப்பறிக்கும் அம்மாள் முதலில் கேட்டதே அதைத்தான். ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். தொடையில் சார்கோமா என்றால் இடுப்போடு கால் போகும். 1982ல் அமெரிக்காவில் ரோசன்பர்க் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். 43 நோயாளிகள். ஒரு பகுதியினருக்குக் காலையோ கையையோ எடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கட்டியை மட்டும் சுற்றுத் தசையோடு எடுத்துக் கதிர் வைத்தியம் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தவர் கணக்கில் இரு பக்கமும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதிலிருந்து கால் காப்பாற்றும் முறையே வழக்கமாயிற்று. பெரிய நரம்பும் பெரிய ரத்தக் குழாயும் கட்டிக்குள் சிக்கிப் போனால்தான் கால் போகும் நிலை. அவை சிக்குவது எப்போது? கட்டி தேங்காய் ஆகும்போது. காலை எடுத்துவிடுவார்களோ என்று பயந்து தள்ளிப்போடுவதே காலுக்கு ஆபத்து.

ஆனால் கதிர் வைத்தியம் என்பது ஒருநாள் காரியமல்ல. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து ஆறு வாரம். மருந்தும் ஆப்பரேஷனும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். தனியார் இடமானாலும், வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. 2009ல் வந்த காப்பீட்டுத் திட்டத்தின் தொடர்ச்சி அது. இப்போது ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை எடுக்காதவர்கள் உடனே எடுங்கள். நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைய வேண்டாம். ஆனால் அட்டை பஸ் ஏறாது. துணைக்கு வரும் மகளின் கூலியைத் தராது. ஆறு வாரம் அடுப்பு எரிய வழி சொல்லாது.

மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. நோயில் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு எழுபது. புற்றுநோய் போன்ற நீண்ட நோய்க்கு நூற்றுக்கு எண்பது, இரண்டு வருஷம் வரை கிடைக்க வழியுண்டு. இரண்டு வருஷத் தொடர் வேலையும் அதில் 156 நாள் சந்தாவும் இருக்க வேண்டும். இந்த 156ஐ மனதில் போட்டுக்கொள்ளுங்கள். காண்டிராக்டில் இருக்கிற தம்பிகளும், ஹாஸ்டலில் தங்கி மில்லுக்குப் போகிற பெண்பிள்ளைகளும், தங்கள் பேரில் சந்தா ஏறுகிறதா என்று இந்த மாதமே பாருங்கள். கூலியில் பிடித்ததைக் கட்டாமல் விட்டால், நோய் வந்த அன்றுதான் தெரியும்.

விவசாயத் தொழிலாளிக்கு? இந்த 91 நாளும் இல்லை, 70ம் இல்லை. பூப்பறிக்கும் அம்மாள் அந்த ஆறு வாரமும் காதிலிருந்த தோட்டை விற்றுத்தான் மதுரைக்குப் போய் வந்தார்.

அவர் கால் தப்பியது. உள் தொடைத் தசைகளில் இரண்டு போயிற்று. அந்தக் குறுக்குத் தழும்பையும் எடுத்தாக வேண்டியிருந்ததால், மற்றத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். நடக்கிறார். குந்தி உட்கார முடியாது. ஆகவே இப்போது பறிப்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டுகிறார், அதற்குக் கூலி குறைவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் படம் எடுக்க வருகிறார். இதுவரை நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. அடுத்த படத்துக்கு அவரைப் போலவே நாங்களும் பயத்தோடுதான் காத்திருக்கிறோம்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஐந்து பேராகப் போய்க் கேளுங்கள். மயக்க மருந்து டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? ரத்தச் சேமிப்பு நிலையம் ஓடுகிறதா? கட்டியை அனுப்பும் ஃபார்மலின் பாட்டில் இருக்கிறதா, அதை யார் எடுத்துப் போகிறார்கள், எத்தனை நாளில் முடிவு வருகிறது? திண்டுக்கல்லுக்கு 2022ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. அங்கே கட்டிகளைப் பார்க்க எந்தக் கிழமை? பதிலை எழுதி வாங்குங்கள். அங்கே வேலை செய்யும் நர்சையும் டாக்டரையும் திட்டாதீர்கள். நான்கு ஆள் வேலையை ஒரு ஆள் பார்க்கிறார், அவர்களும் உழைப்பாளிகளே. இல்லை என்று வந்த பதில்களைச் சங்கத்தில் கொடுங்கள். மனு எழுதுவது எங்கள் பொறுப்பு, கொண்டு போய்க் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

கூட்டம் முடிந்ததும் நாங்கள் போய்விட மாட்டோம். மேடைக்குப் பின்னால் பள்ளிக்கூட அறைகள் இரண்டு திறந்து வைத்திருக்கிறார்கள். இடது பக்கம் தாய்மார்களுக்கு, அங்கே எங்களில் ஒருவரான டாக்டர் அம்மாள் இருப்பார். உடம்பில் எங்கே கட்டி இருந்தாலும் காட்டுங்கள், அளந்து சீட்டில் எழுதித் தருகிறோம், தமிழில். பின்வரிசைத் தோழரே, நீங்கள் கழுத்தைச் சுற்றிப் போட்டிருக்கிற துண்டை முதலில் பார்த்துவிடலாம், வாருங்கள்.